பட்டை வளையமாக உரிந்த மலைவேம்புக் கன்று: உரம் மேலே ஏறுமா?

கேள்வி: செம்மண்காட்டான்

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் நிலம். போன ஐப்பசி மழைக்கு 140 மலைவேம்புக் கன்றுகள் நட்டேன். சொட்டுநீர் போட்டிருக்கிறேன். இப்போது எல்லாம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன.

ஆடியில் புல் மண்டிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. பிரஷ் கட்டரை வாடகைக்கு எடுத்து நானே இறங்கினேன். பிளேடு போட்டால் கன்றை வெட்டிவிடுவேனோ என்று பயந்து நைலான் நரம்பு மாட்டினேன். அதுதான் வினையாகப் போனது. பிளேடாக இருந்தால் தள்ளியே நின்றிருப்பேன். நரம்பு என்ன செய்துவிடும் என்று தூரை ஒட்டிப் போய்விட்டேன். சாயங்காலம் குனிந்து பார்த்தால் 11 கன்றுகளில் பட்டை உரிந்து கிடக்கிறது. எட்டில் ஒரு பக்கம் மட்டும். மூன்றில் முழு வளையம், இரண்டு விரல் அகலத்துக்கு. உள்ளே கட்டை வெள்ளையாகத் தெரிகிறது.

இது நடந்து 18 நாள் ஆகிறது. ஆச்சரியம் என்னவென்றால் மூன்றும் வாடவில்லை. ஒன்று உச்சியில் புதுத் துளிரே விட்டிருக்கிறது. காயத்தின் மேல் விளிம்பு உதடு மாதிரி தடித்து வருகிறது. கீழ் விளிம்பு காய்ந்து அப்படியே கிடக்கிறது. காயத்துக்குக் கீழே சிம்பு, அதாவது பக்கக் கிளை, வெடித்தது. தண்டு நேராகப் போக வேண்டுமே என்று வழக்கம்போல் கிள்ளி எறிந்துவிட்டேன்.

பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "சாரம் ஏறுறது பட்டையிலடா. பட்டை போச்சுன்னா மரம் போச்சு. பிடுங்கிட்டு வேற வை" என்றார். உரக்கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி யூரியா வைத்துத் தண்ணீர் விடுங்கள், தேறிவிடும் என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "சைலம் தண்ணீரைக் கடத்தும், புளோயம் உணவைக் கடத்தும், பட்டையில் இருப்பது புளோயம்" என்று ஒப்பித்தாள். உரம் பயிருக்கு உணவுதானே? அப்படிப் பார்த்தால் பெரியப்பா சொல்வதுதான் சரி. அப்புறம் அந்தத் துளிர் எதைத் தின்று வந்தது?

யூரியாவும் பொட்டாஷும் கன்றின் தண்டில் ஏறுவது கட்டை வழியாகவா, பட்டை வழியாகவா? இந்த மூன்றுக்கும் உரம் வைத்தால் பயன் உண்டா?

பதில்: வரப்போரம்

யோசிக்காதீர்கள். காயத்துக்கு ஒரு சாண் கீழே என்று பார்த்தால் தரை வந்துவிடும், அதனால் தரையிலிருந்து நாலு விரல் விட்டுச் சாய்வாக அறுத்துவிடுங்கள். மலைவேம்பு தூரிலிருந்து நன்றாகத் தழையும். வரும் சிம்புகளில் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால் அடுத்த ஆடிக்கு இதே உயரம் வந்துவிடும். எங்கள் வயலில் ஆடு கடித்த கன்றுகளை அப்படித்தான் மீட்டேன். ஏன், எப்படி என்பதெல்லாம் படித்தவர்கள் சொல்லட்டும்.

பதில்: பழைய லேப்காரன்

ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்தவன் நான். பேராசிரியர் இல்லை. ஆனால் வருடா வருடம் மாணவர்களுக்காகப் புங்கன் கன்றில் பட்டையை வளையமாக உரித்து வைத்தது இந்தக் கைதான். நீங்கள் நைலான் நரம்பால் செய்ததை நான் பிளேடால் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை. அவள் படித்தது சரி. குழப்பம் 'உணவு' என்ற சொல்லில் இருக்கிறது. நாம் உரத்தைப் பயிருக்குச் சாப்பாடு என்கிறோம். பாடப்புத்தகம் உணவு என்று சொல்வது இலை வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையை. புளோயம் எடுத்துப்போவது அந்தச் சர்க்கரையை. மண்ணிலிருந்து வரும் உப்புகள், அதாவது தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் தண்ணீரோடு கரைந்து, சைலம் இருக்கும் கட்டை வழியாகத்தான் ஏறுகின்றன.

உங்கள் பெரியப்பாவையும் குறை சொல்ல முடியாது. 1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓட்டிஸ் கர்ட்டிஸ் என்ற விஞ்ஞானி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: உப்புகளும் பட்டை வழியாகத்தான் மேலே போகின்றன என்று. அவர் சும்மா சொல்லவில்லை. தண்டில் வளையம் போட்டால் அதற்கு மேலே இருக்கும் பகுதிக்குத் தழைச்சத்து குறைந்துவிடுவதை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அது ஏன் குறைகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன், உங்கள் கன்றின் விதியே அதில்தான் இருக்கிறது.

வழக்கை முடித்து வைத்தது கதிரியக்கப் பொட்டாசியம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற அணுத்துகள் முடுக்கும் எந்திரம் வந்த பிறகு அங்கே கதிர்வீசும் பொட்டாசியம் செய்ய முடிந்தது. 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் அதில் பாதி அழிந்துவிடும். ஆறப்போட முடியாத சரக்கு. பெர்ரி ஸ்டவுட், டென்னிஸ் ஹோக்லண்ட் என்ற இருவர் அதை வைத்து 1939-இல் செய்த சோதனை இது. மண் இல்லாமல் செடி வளர்ப்பவர்கள் 'ஹோக்லண்ட் கரைசல்' என்பார்களே, அதே ஹோக்லண்ட்தான்.

வில்லோ செடியின் தண்டில் பட்டையை நெடுக்காகக் கீறி, கட்டையிலிருந்து மெல்லப் பிரித்தார்கள். வெட்டி எடுக்கவில்லை, இதுதான் முக்கியம். பிரித்த பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெழுகுத்தாளைச் செருகி மறுபடி மூடிவிட்டார்கள். பட்டையும் சேதமில்லாமல் இருக்கிறது, கட்டையும் சேதமில்லாமல் இருக்கிறது, ஒன்றை ஒன்று தொடவில்லை. வேருக்குக் கதிரியக்கப் பொட்டாசியம் கொடுத்து, 5 மணி நேரம் கழித்துத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் கதிர்வீச்சு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தார்கள். தாள் செருகிய இடத்தில் கட்டை முழுக்கப் பொட்டாசியம், பட்டையில் பேருக்குத்தான் இருந்தது. தாள் இல்லாத இடங்களில், மேலேயும் கீழேயும், பட்டையிலும் நிறைய இருந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஏறுவது கட்டை வழியாக. இன்னொன்று, ஏறும் வழியிலேயே பக்கவாட்டில் கசிந்து பட்டைக்கும் போய்விடுகிறது. தாள் செருகாமல் வெறும் தண்டை நறுக்கிப் பார்த்தவர்களுக்குப் பட்டையிலும் உப்பு கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. மெழுகுத்தாளை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். அத்தனை பெரிய எந்திரம் ஒன்றைக் கட்டிவிட்டுக் கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது ஒரு துண்டுத் தாள்.

கட்டையில் அந்தக் குழாய்கள் எப்படிப்பட்டவை என்றால், செத்த செல்கள். உள்ளே எதுவும் இல்லாத, சுவர் மட்டும் மிஞ்சிய கூடு. ஜெர்மனியின் பான் நகரில் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் 1890களின் தொடக்கத்தில் மரங்களை அறுத்து விஷத்தில் நிறுத்தினார். விஷம் ஏறும் வழியில் உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே போனது, ஆனால் ஏறுவது நிற்கவில்லை. அப்புறம் 1894-இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் காரணத்தைச் சொன்னார்கள்: இலையில் ஆவியாகும் தண்ணீர்தான் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. குழாயில் தண்ணீர் அறுபடாத கயிறு மாதிரி நிற்கிறது. கயிற்றோடு உப்பும் போகிறது. உங்கள் கன்றில் வளையத்துக்குள் கட்டை சேதமில்லாமல் இருப்பதால் கயிறு அறுபடவில்லை. அதனால்தான் 18 நாளாகியும் வாடவில்லை.

அப்படியானால் ஏன் கடைசியில் சாகிறது? இங்கேதான் கர்ட்டிஸ் கண்டதற்குப் பதில் இருக்கிறது. தண்ணீர் ஏறுவதற்குச் செடி ஒன்றும் செலவழிப்பதில்லை, வெயில் பார்த்துக்கொள்ளும். உப்பு வேருக்குள் நுழைவது அப்படியில்லை. வேரின் நடுக் குழாய்க்கு முன்னால் ஒரு வளையச் சுவர் இருக்கிறது. செல்களின் இடுக்கு வழியாக எதுவும் ஊடுருவ முடியாதபடி தண்ணீர் புகாத பூச்சு பூசிய சுவர். 1865-இல் காஸ்பேரி என்பவர் விவரித்தது, இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். அதனால் ஒவ்வோர் உப்பும் உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் கடக்க வேண்டும். புகுத்துவதற்குச் சக்தி வேண்டும். சக்திக்குச் சர்க்கரை வேண்டும். சர்க்கரை இலையிலிருந்து பட்டை வழியாகத்தான் இறங்கும்.

ஆக, லாரி ஓடும் சாலை கட்டை. மூட்டை ஏற்றுகிறவர்களுக்குக் கூலி வருவது பட்டை வழியாக. நீங்கள் சாலையை வெட்டவில்லை, கூலியை நிறுத்திவிட்டீர்கள். ஏற்கனவே வேரில் இருக்கும் மாவுச்சத்தை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, தின்று கொஞ்ச நாள் வேலை நடக்கும். பெரிய மரமென்றால் ஒரு வருடத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். 9 மாதக் கன்றின் வேரில் சேமிப்பு என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? மூட்டை வருவது குறையும், பிறகு வேர்நுனி கருகும், கடைசியில்தான் இலை வாடும். இலை வாடும்போது வேர் எப்போதோ போயிருக்கும்.

துளிரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடும். வேரிலிருந்து ஒன்றுமே வராமல்கூடச் சில நாள் துளிர் விடலாம். அடியிலைகள் வெளிறுகின்றனவா என்று பாருங்கள்.

யூரியா வைக்காதீர்கள். வயிற்றுக்கு இல்லாதவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது அது. இலையில் தெளித்தாலும் சத்து வளையத்துக்கு மேலேயே நின்றுவிடும், வேருக்குப் போகாது.

இப்போது என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரி: கீழே வந்த சிம்பைக் கிள்ளிவிட்டேன் என்கிறீர்களே, ஐயா! அந்த வேருக்கு மிஞ்சியிருந்த ஒரே சோற்றுக்கை அதுதான். வளையத்துக்குக் கீழே இருக்கும் இலை செய்யும் சர்க்கரை தடையில்லாமல் வேருக்கு இறங்கும். இனிமேல் கிள்ளாதீர்கள். துளிர் விட்ட கன்றில் மட்டும் கிள்ள விட்டுப்போன சிம்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை. மருந்துக்கடையில் டிங்சர் அயோடின் கிடைக்கும். வெயில் நாளில் சாயங்காலம், வளையத்துக்கு இரண்டு விரல் மேலேயும் இரண்டு விரல் கீழேயும் நகக்கண் அளவுக்குச் சீவி ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் நீலக்கறுப்பாகும்.

பதில்: மாங்கன்று

லேப்கார அண்ணன் சொன்னதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், காரணம் தெரியாமல். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மா ஒட்டுக் கட்டுகிறவள் நான். ஒட்டுக் கட்டிய பாலித்தீன் டேப்பைச் சில பேர் அவிழ்க்காமலேயே கன்றை வாங்கிப்போய் நட்டுவிடுவார்கள். தண்டு பருக்கப் பருக்க டேப் கழுத்தை நெரிக்கும். மேலே பானை மாதிரி உப்பும், கீழே ஒல்லியாகவே இருக்கும். அந்தக் கன்று சீக்கிரம் பூக்கும். வாங்கினவர் "இரண்டாம் வருடமே பூத்துவிட்டது" என்று சந்தோஷமாகப் போன் செய்வார். நான் முதலில் கேட்பது, டேப்பை எடுத்தீர்களா என்றுதான். சர்க்கரை மேலேயே தேங்கினதால் வந்த பூ அது. காற்றடித்தால் அந்த இடத்தில் ஒடியும்.

ஒட்டிலும் இதே கதைதான். வேர்ச்செடியில் ஒட்டுக்குச்சியைச் செருகின முதல் சில நாள் இரண்டு கட்டைக்கும் நடுவில் குழாய் இணைந்திருக்காது. வெறும் ஆறின சதை. அதனால்தான் குச்சியில் இலை எல்லாவற்றையும் கிள்ளிவிட்டுப் பாலித்தீன் உறை போட்டு மூடுகிறோம். ஆவியாகப் போனால் இழுப்பதற்குக் கீழே வழி இல்லையே. அந்தச் சமயத்தில் மொட்டு வெடிப்பது குச்சியில் ஏற்கனவே இருந்த சத்தில்தான். சில குச்சி அப்படி வெடித்து ஒரு விரல் துளிர்விட்டுப் பிறகு செத்துப்போகும். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் "பிடித்துவிட்டது அக்கா" என்று குதிக்கும்போது, இரண்டாவது துளிர் வரட்டும் என்பேன்.

செம்மண் அண்ணே, ஒரு பக்கம் மட்டும் உரிந்த எட்டுக்கும் கவலைப்பட வேண்டாம். விரல் அகலப் பட்டை மிஞ்சியிருந்தாலே போதும். உரிந்த அன்றைக்கே கேட்டிருந்தால் வளையம் போன மூன்றுக்கும் ஒன்று சொல்லியிருப்பேன். கட்டைமேல் வழுவழு என்று ஈரப் படலம் இருந்திருந்தால், அதைக் கையால் தொடாமல் பாலித்தீன் சுற்றி ஈரம் காயாமல் வைத்திருந்தால் புதுப் பட்டை வர வாய்ப்பு இருந்தது. 18 நாள் வெயிலில் காய்ந்தபின் அதற்கு வழியில்லை.

பதில்: மொட்டைமாடி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய லேப்காரன் சார், நான்கு சத்து பழைய இலையிலிருந்து உருவப்படும் என்றீர்கள். அந்தப் பட்டியலில் கால்சியம் இல்லையே? மாடியில் நிழல்வலைக்குள் தக்காளி நாற்று வைத்து வளர்த்தேன். காயின் அடியில் கறுத்துப்போகிறது. கால்சியம் பற்றாக்குறை என்றார்கள். சுண்ணாம்பு போட்டும் மாறவில்லை.

பதில்: பழைய லேப்காரன்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கால்சியத்துக்கு ஒருவழிப் பாதை. கட்டை வழியாக ஏறும், போய் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்ததுதான். பட்டை வழியாகத் திரும்பி இறங்குவது மிகமிகக் குறைவு. ஏறும் விதமும் வேறு. பொட்டாசியம் தண்ணீரோடு விறுவிறு என்று போகும். கால்சியத்துக்கு இரண்டு நேர்மின் சுமை இருக்கிறது, குழாயின் உட்சுவரில் எதிர்மின் சுமை இருக்கிறது. சுவரில் ஒட்டும், பின்னால் வரும் இன்னொரு கால்சியம் அதைத் தள்ளும், கொஞ்சம் மேலே போய் மறுபடி ஒட்டும். திருவிழாக் கூட்டத்தில் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு நகர்கிற கிழவி மாதிரி.

இலை நிறைய ஆவியாக்கும், அதனால் தண்ணீர் அங்கே ஓடும், கால்சியமும் அங்கே போகும். காய் ஆவியாக்குவது குறைவு. காய்க்குச் சத்து பெரும்பாலும் புளோயம் வழியாக வருகிறது, அதில் கால்சியம் மிகமிகக் குறைவு. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்குப் பற்றாமல் போவது இப்படித்தான். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இல்லாமல் தினமும் சீராக விடுங்கள். கூடவே யூரியாவைக் குறையுங்கள், தழை அதிகமானால் இலைகளே கால்சியத்தை இழுத்துக்கொள்ளும்.

செம்மண்காட்டான் (9 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

லேப்கார ஐயா, உங்கள் சந்தேகம் சரி. துளிர் விட்ட கன்றின் தூரில் புல்லுக்குள் ஒரு சிம்பு மறைந்து நின்றது. ஒரு முழம் இருக்கும், ஏழெட்டு இலைக் காம்பு. என் கண்ணில் படாததால் பிழைத்தது. மற்ற இரண்டிலும் சுத்தமாகக் கிள்ளியிருந்தேன்.

மகளோடு போய் மூன்றிலும் அயோடின் விட்டேன். சுத்தமாகக் கிள்ளிய இரண்டில் வளையத்துக்கு மேலே மை கொட்டினது போல் கறுத்தது. கீழே அயோடின் நிறம் அப்படியே பழுப்பாக நின்றது. சிம்பு இருந்த கன்றில் கீழேயும் லேசாகக் கறுப்பு தட்டியது. மகள் இரண்டையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறாள். பள்ளியில் காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் நிறுத்தின சோதனையைவிட இது நன்றாக இருக்கிறதாம்.

கிள்ளிய இரண்டில் ஒன்றின் பக்கத்தில் தோண்டிப் பார்த்தேன். அடியிலைகள் வெளிற ஆரம்பித்திருந்தன. பொடி வேர்களின் நுனி பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று வந்தது. நல்ல கன்று ஒன்றின் வேரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நுனி வெள்ளையாக, உடைத்தால் சட்டென்று முறிந்தது. பெரியப்பா பக்கத்தில் நின்று இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "நான் சொன்ன மாதிரியே செத்துப்போச்சுல்ல" என்றார். காரணம் வேறு பெரியப்பா என்றேன். "செத்ததுக்கு என்னடா காரணம் வேண்டிக் கெடக்கு" என்று போய்விட்டார்.

வரப்போரம் அண்ணன் சொன்னபடி அந்த இரண்டையும் தரைக்கு மேலே நாலு விரல் விட்டு அறுத்துவிட்டேன். ஒன்றில் ஊசிமுனை மாதிரி இரண்டு மொட்டு தெரிகிறது. மற்றதில் இன்னும் ஒன்றுமில்லை. மூன்றாவதை இப்போது அறுக்கவில்லை. சிம்பு இடுப்பு உயரம் வரட்டும், அதுவரை மேல்தண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். அது தப்பா ஐயா?

பழைய 4 அங்குலப் பிவிசி குழாயை ஒரு முழத் துண்டுகளாக அறுத்து, நெடுக்காக ஒரு வெட்டுப் போட்டு, எல்லாக் கன்றுக்கும் தூரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 60 முடிந்தது, இன்னும் 80 இருக்கிறது.

பதில்: பழைய லேப்காரன்

தப்பில்லை, ஆனால் ரொம்ப நாள் விடாதீர்கள். மேல்தண்டு அந்த வேரிடமிருந்து தண்ணீரும் உப்பும் வாங்கிக்கொண்டே இருக்கும், திருப்பி ஒரு சர்க்கரையும் கொடுக்காது. சிம்பு முழங்கால் தாண்டினதும் மேல்தண்டை அறுத்துவிடுங்கள். குழாய்த் துண்டைத் தண்டோடு ஒட்டாமல் தளர்வாக வையுங்கள், கறையான் ஏறுகிறதா என்று அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். மகள் எடுத்த அயோடின் படங்களை இங்கே போடச் சொல்லுங்கள்.